தேதி எழுதிய பல்புகள்

எங்கள் வீட்டில் தேதி எழுதாமல் விடப்பட்டிருப்பது நான் ஒருவன்தான். என் மனைவி ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறவள். மாவு டப்பாவோ மருந்துப் பாட்டிலோ பல்போ, எது வீட்டுக்குள் வந்தாலும் அன்றைய தேதியை மெல்லிய பேனாவால் எழுதிவிட்டுத்தான் மறுவேலை. நான் கேலி செய்வேன், அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

நான் டெய்லர். முன்னறைதான் என் கடை. துணி வெட்டும் மேசைக்கு நேர் மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு விளக்கு, உள்ளே இரண்டு பல்பு. ஆசைப்பட்டு வாங்கியது. அளவு கொடுக்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்காமல் போனதில்லை. ஆனால் அதில் போட்ட பல்பு எதுவும் ஒன்றரை மாதம் தாண்டவில்லை.

பல்புக்கு ஒரு வருட கேரண்டி. நான்கு முறை மாற்றிக் கொடுத்த கடைக்காரர், ஐந்தாம் முறை முகத்தைச் சுளித்தார். மனைவி பல்பைத் திருப்பி, எழுதியிருந்த தேதியைக் காட்டினாள்.

"தேதியை யார் வேணா எழுதலாம்மா. எங்கேயாவது பழசைப் பொறுக்கிட்டு வந்து எழுதினா எனக்கு எப்படித் தெரியும்?"

கடை நிறைய ஆட்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், வந்தது. அவள் என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"இனிமே அவன் கடை வாசலை மிதிச்சா என்னை ஏன்னு கேளு" என்றேன்.

"மிதிப்போம். காரணத்தோட போய் மிதிப்போம்" என்றாள்.

வேறு கடையில் ஒரே பெட்டியிலிருந்து நாலு பல்பு வாங்கினாள். சமையலறையில் ஒன்று, நடையில் ஒன்று, கூண்டில் இரண்டு. ஒரே நாளில் போட்டு நாலிலும் தேதி எழுதினாள். எலக்ட்ரீஷியன் வந்து லைனைச் சோதித்து, கரண்ட் சரியாகத்தான் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறாவது வாரம் கூண்டு பல்பு இரண்டும் போயின. மற்ற இரண்டும் நன்றாக எரிந்துகொண்டிருந்தன.

அடுத்து லேபிலிருந்து ஒரு வெப்பமானி கொண்டு வந்தாள். வெந்நீர்த் தொட்டியின் சூடு பார்ப்பது. அதையும் சும்மா எடுத்து வரவில்லை, நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை கூண்டில் புதுப் பல்பு போட்டு, வெப்பமானியை உள்ளே வைத்து மூடி, ஒரு மணி நேரம் எரியவிட்டோம். எழுபத்தெட்டு டிகிரி. சமையலறை பல்பின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாற்பத்து மூன்று.

"சூட்டுலயே வெந்து போகுது" என்றாள். "காத்து போக வழியே வைக்காமலா இதைச் செஞ்சிருப்பாங்க?"

கூண்டைக் கழற்றி மேசையில் வைத்து மேல்விளிம்பை விரலால் தடவினாள். நான் திருதிருவென்று விழித்தேன். வழி வைத்துத்தான் செய்திருந்தார்கள். சுற்றிலும் எட்டுத் துளைகள். பூச்சி உள்ளே விழுகிறதென்று, காலருக்கு வைக்கும் கேன்வாஸை வட்டமாக வெட்டி எட்டையும் ஒட்டியவன் நான்தான். துளை இருந்த அடையாளமே தெரியாத வேலை. ஒட்டிய அன்று எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

"நான்தான் அடைச்சேன்" என்றேன்.

அவள் நகத்தால் ஒன்றைப் பெயர்த்தாள். ஓரமெல்லாம் சூட்டில் பழுத்துப் போயிருந்தது. "எவ்வளவு சுத்தமா வெட்டியிருக்கீங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் இரண்டு திட்டு வாங்கியிருக்கலாம்.

"சரி, காரணம் தெரிஞ்சாச்சு. துளையைத் திறந்துட்டா போச்சு. அந்த ஆள்கிட்ட நாமளே போய்த் தலையைக் கொடுக்கணுமா?"

"என் கையெழுத்தை நம்பி ஊரே மருந்து சாப்பிடுதுங்க. ஒரு ரிசல்ட் தப்பாப் போச்சுன்னா நானே போய்ச் சொல்லுவேன். இதுவும் ரிசல்ட்தான்."

அன்று சாயங்காலமே போனோம். கூட்டம் குறையட்டும் என்று நான் தயங்க, அவள் நேரே கல்லாவுக்குப் போனாள். தேதி எழுதிய பல்புகளையும், அளவெடுத்த காகிதத்தையும், பழுத்த கேன்வாஸ் வட்டங்களையும் வரிசையாக வைத்தாள்.

"உங்க பல்புல குறை இல்லைங்க. எங்க வீட்டு விளக்குல காத்துத் துளையை அடைச்சு வச்சிருந்தோம். நீங்க மாத்திக் கொடுத்ததுக்கெல்லாம் காசு எடுத்துக்கங்க."

கடைக்காரர் முகம் மலர்ந்தது. "அதான் அன்னிக்கே சொன்னேனே."

"நீங்க அதைச் சொல்லலை. பழசைப் பொறுக்கிட்டு வந்து தேதி எழுதினேன்னு சொன்னீங்க. எங்க தப்பை நான் சொல்லிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். குரல்கூட உயரவில்லை. சாமான் வாங்க நின்றவர்கள் எல்லோரும் கடைக்காரரையே பார்த்தார்கள். அவர் ஒரு பல்பை எடுத்துத் தேதியைப் படித்தார். பிறகு இன்னொன்றை எடுத்தார்.

"அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. தப்புதான்."

பக்கத்தில் நின்ற ஒருவர் கேன்வாஸ் வட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு கச்சிதமா யாரும்மா அடைச்சது?"

"வீட்லதான்" என்றாள். அதற்கு மேல் போகவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இத்தனை வருஷமாக அந்தத் தெருவில் அவளை டெய்லர் வீட்டம்மா என்றுதான் சொல்வார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"நான்தாங்க அடைச்சேன்" என்றேன். "இவங்க வீட்டுக்காரர்."