கெட்டில் சூடேறவில்லை

அறுபத்தைந்து டிகிரிக்கு ஏற்றி வெகுநேரம் ஆகியும் பசை காய்ச்சும் கெட்டிலுக்குள் ஒரு சலனமும் இல்லை. மூலக்கூறுகள் கோத்துச் சங்கிலியாகத் தொடங்கினால் சூடு தானாகக் கிளம்ப வேண்டும். வெப்பமானி முள் அசையவே இல்லை. மேல் டேங்கிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த பசையின் மூலப்பொருளான வினைல் அசிடேட்டைக் கெமிஸ்ட் லோகப்பிரியா நிறுத்தினாள்.

திருப்பூர் பிரிண்டிங் பட்டறைகளுக்கு ஸ்டைரீன் பசை மட்டுமே காய்ச்சி வந்த கம்பெனி அது. நூற்பாலைகளில் நூல் சுற்றும் காகிதக் கோன்களுக்கு வெள்ளைப் பசை செய்யலாம் என்று முதலாளி மோகன்குமாரைப் பேசிப் பேசி இணங்க வைத்தவள் அவள்தான். இது கெட்டால் இன்னொரு முறை கிடையாது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, உங்க பசை இன்னும் தூங்குதாட்ட இருக்குது," என்றபடி வந்தார் அவர். "இன்னொரு பங்கு பெர்சல்பேட்டைப் போட்டு எழுப்பி உடுங்க."

வினையைத் தொடங்கி வைக்கும் உப்பு அது. ஆபரேட்டர் பவன் அதைக் கரைத்து வாளியோடு நின்றான்.

"ஏன் தூங்குதுன்னு தெரியாம எழுப்பக் கூடாதுங்க. பவன், மேல் டேங்கைக் கழுவினீங்களா?"

"எப்பவும் போலத்தானுங்க. புதுச் சரக்கு கொஞ்சம் ஊத்தி அலசி, அதையும் கெட்டிலுக்கே உட்டுப்போட்டேன். வீணாக்குனா அய்யா சும்மா உடுவாருங்களா?"

அந்தக் கம்பெனியில் ஒரு சொட்டு கீழே போகாது. ஸ்டைரீன் டேங்கில் மறுபடி ஸ்டைரீனே ஊற்றியவரை அதில் குற்றமும் இல்லை. லோகப்பிரியாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது: டேங்கின் அடியில் கிடந்த பழைய ஸ்டைரீனும் அலசலோடு கெட்டிலுக்குப் போயிருக்கிறது. அதைச் சொன்னாள்.

"அடியில கெடந்த ஸ்டைரீனுக்கா இத்தனை பாடு?" என்றார் மோகன்குமார்.

"ஸ்டைரீன்ல ஒரு பென்சீன் வளையம் இருக்குதுங்க. சங்கிலி முனையில ஒரு ஒத்தை எலக்ட்ரான் நிக்குமில்லீங்களா, அதை அந்த வளையம் தன்மேல பரவலாத் தாங்கிக்கும். சொகமா இருக்கறது எந்திரிச்சு அடுத்த மூலக்கூறைப் புடிக்காது."

"கல்யாண மண்டபத்துல ஏசி ரூம் கிடைச்ச சம்பந்தியாட்ட."

"அதேதானுங்க. வினைல் அசிடேட்டுக்கு அந்த வசதி இல்லை, முனை பரபரன்னு அலையும். எதிர்ல ஸ்டைரீன் வந்தா ஒடனே புடிச்சுக்கும். புடிச்சதும் முனையில ஸ்டைரீன் வந்து உக்காந்துக்கும். சங்கிலி நின்னு போகும்."

"அதுக்குத்தான பெர்சல்பேட்டு போடச் சொல்றேன்."

"போட்டா ஸ்டைரீன் சீக்கிரம் தீரும். தீர்ந்ததும் மிச்சமிருக்கற மொத்தமும் ஒரேயடியா ஓடும். அந்தச் சூட்டை நம்ம குளிர்தண்ணி தாங்காதுங்க."

"மத்தியானம் வரைக்கும் பாக்கறேன். அப்பறம் கொட்டிப்போடுங்க."

"கொட்ட வேண்டி வராதுங்க. ஸ்டைரீன் மெதுவாத் தானாவே தீந்துரும்."

பவன் வாளியைக் கீழே வைத்தான். அவள் சூட்டை ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை. குளிர்தண்ணீர் வால்வில் கையை வைத்தபடி நின்றாள். பவன் கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போயிற்று. மோகன்குமார் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வெயில் உச்சிக்கு வரும் வேளையில் கெட்டிலின் பார்வைக் கண்ணாடியில் பால் வெள்ளை மங்கி, சங்கிலி கோக்கத் தொடங்கியதன் அடையாளமாக மெல்லிய நீலம் தட்டியது. அறுபத்தெட்டு. எழுபத்திரண்டு. அவள் தண்ணீரை முழுக்கத் திறந்தாள். எழுபத்தெட்டு வரை ஏறிய முள் அங்கே தயங்கி, மெதுவாக இறங்கியது.

மோகன்குமார் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சச் சரக்குக்கே இந்த ஓட்டமுங்களா," என்றார் தணிந்த குரலில். பிறகு, "செரி, கிளம்பிருச்சில்ல. மேல் டேங்கைத் தாராளமாத் திறந்து உடுங்க, பொழுது போகுது."

"சொட்டுச் சொட்டாத்தானுங்க," என்றாள் லோகப்பிரியா. பவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்கார்ந்து மேல் டேங்கின் வால்வைக் கால் சுற்று மட்டும் திருப்பினாள்.