யோகாஸ்தாவின் கட்டத்துக்குள் ஒரு பாம்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது ஒரு காதல் கதை. பராஹோனா என்கிற எங்கள் கடலோர ஊரில், தெருமுனைக் கடையை ஒட்டிய வாதுமை மரத்தடியில், புள்ளிக்காய் அடுக்கி ஆடும் டோமினோ சங்கத்தில் நடந்த ஒரு கூத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஆசை வந்தது. அன்றைக்கே மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

‘கடல் அன்று அமைதியாக’ – வேண்டாம். கடலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

‘யோகாஸ்தாவின் இதயத்தின் ஒரு மூலையில்’ – அவள் படித்தால் என்னை உதைப்பாள்.

‘யோகாஸ்தா எக்செல்லைத் திறந்தாள்.’ வறட்டு வாக்கியம்தான். ஆனால் நடந்தது அதுதான். இருக்கட்டும்.

2

யோகாஸ்தா ஐஸ் தொழிற்சாலையில் கணக்கு பார்ப்பவள். எங்கள் சங்கத்தில் சனிக்கிழமைதோறும் யாருக்கு யார் ஜோடி என்று சீட்டுக் குலுக்குவோம். தலைவர் தோன் எலிகியோவின் (‘தோன்’ என்றால் ‘ஐயா’) தொப்பிதான் குலுக்கல் பாத்திரம். அவருக்கு மட்டும் எப்போதும் கெட்டிக்கார ஜோடியே வாய்த்ததால் ஒருநாள் வாய்ச்சண்டை முற்றி நாற்காலி உடைந்தது.

“இனிமே கம்ப்யூட்டர் குலுக்கட்டும். மெஷினுக்குப் பாரபட்சம் தெரியாது” என்றாள் யோகாஸ்தா.

எல்லோருடைய பெயரையும் எக்செல் தாளில் ஏற்றினாள். ஒரு கட்டத்துக்குள் பைத்தான் என்ற கணினி மொழியில் சில வரிகள் எழுதினாள்.

“பைத்தான்னா மலைப்பாம்பாச்சே! எக்செல்லுக்குள்ள அது எதுக்கும்மா?” என்றார் எலிகியோ.

“உங்க தொப்பிக்குள்ள இருந்ததைவிட இது ரொம்ப சாது, தோன் எலிகியோ.”

தாளை எல்லோருக்கும் திறந்துவிட்டாள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

[அந்த வரிகளை இங்கே அப்படியே போட்டால் நீங்கள் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால் தமிழில் சொல்கிறேன்: பெயர்களைக் கலை. இரண்டிரண்டாகச் சேர். யோகாஸ்தாவின் ஜோடி ராதாமேஸுக்குச் சமமாக (அதாவது, அவனாகவே) இருக்கும்வரை, மறுபடி கலை.]

அந்தக் கடைசி வரியைச் சங்கத்தில் அவள் வாசித்துக் காட்டவில்லை.

3

ராதாமேஸ் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அவளுடைய முன்னாள் கணவன். இவனை வில்லனாக்கிவிட்டால் எனக்கு வேலை சுலபம். மீசை ஒன்று வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஆள் நல்லவன்தான். வாய்தான் மோசம்.

தொப்பி காலத்தில், ஒரு இறுதியாட்டத்தில் அவனுக்கு ஜோடியாக ஆடிய யோகாஸ்தா தப்பான காயைப் போட்டுவிட்டாள். அவன் மேசையில் ஓங்கி அடித்து, “கழுதை! கண்ணு தெரியலையா?” என்று ஊரே கேட்கக் கத்தினான். அவள் நேரே வீட்டுக்குப் போய் அவனுடைய துணிகளையெல்லாம் அவன் வண்டியில், பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றுக்குள் அடுக்கிக் கதவைச் சாத்தினாள். அதோடு முடிந்தது கல்யாணம்.

(அது ஒரே ஒரு வசவுக்காகவா என்று கேட்பீர்கள். அது எத்தனையாவது வசவு என்று அவளைத்தான் கேட்கவேண்டும்.)

4

எக்செல் குலுக்கல் தொடங்கி மாதங்கள் போயின. சங்கத்தில் அத்தனை பேருடனும் ராதாமேஸுக்கு ஜோடி விழுந்துவிட்டது, ஆட்டத்தின் நடுவில் தூங்கிவிடும் மருந்துக்கடைக்காரர் உட்பட. யோகாஸ்தா மட்டும் விழவேயில்லை. ஒரு மத்தியானம் பொழுது போகாமல் அவன் அந்தத் தாளைத் திறந்தான். கட்டத்தைத் தட்டினான்.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்குப் பைத்தான் எப்படிப் புரியும்? இங்கேதான் கதையைக் கைவிடப் பார்த்தேன். அவனையே கேட்டேன்.

“எனக்கு எங்க புரிஞ்சுது? அவ பேரும் எம் பேரும் ஒரே வரியில இருந்துச்சு. பிரிஞ்சதுக்கப்புறம் எங்கேயுமே அப்படிப் பாத்ததில்ல. அதான் என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு.”

உட்கார்ந்து காணொளிகள் பார்த்தான். அர்த்தம் புரிந்ததும் அந்தக் கட்டத்துக்கே திரும்பினான். பிறகு ஒரே ஒரு குறியை மாற்றினான். ‘சமமாக இருக்கும்வரை’ என்பது ‘சமமாக இல்லாதவரை’ என்று ஆனது.

5

சனிக்கிழமை யோகாஸ்தா பொத்தானை அழுத்தினாள். திரையில் அவள் பெயருக்கு எதிரே ராதாமேஸ்.

“ஏதோ தப்பு. மறுபடி போடறேன்.”

“அதெப்படி? மெஷினுக்குப் பாரபட்சம் தெரியாதுன்னு நீதானம்மா சொன்னே?” என்றார் எலிகியோ. தொப்பி காலத்துக் கணக்கைத் தீர்க்கிற சந்தோஷம் அவர் முகத்தில்.

அவள் வாயைத் திறந்தால் தன் வரியைப் பற்றியும் சொல்லவேண்டும். மூடிக்கொண்டு போய், ஜோடிகள் உட்காருகிற வழக்கப்படி அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. நடுவில் யோகாஸ்தா ஒரு காய் போட்டாள், பச்சைக்குழந்தைகூடப் போடாத காய். (வேண்டுமென்றேவா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை.) மேசையைச் சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும் ராதாமேஸின் வாயைப் பார்த்தோம்.

அவன் பீரை ஒரு மிடறு குடித்தான்.

“எம் மேலதான் தப்பு. அஞ்சு புள்ளிக் காயைப் போடாம கையிலயே பிடிச்சு வெச்சிருந்தேன். அவ என்ன பண்ணுவா?”

தோற்றார்கள். படுதோல்வி.

எழுந்தபோது யோகாஸ்தா கேட்டாள்: “நீதானே மாத்தினே?”

“ஒரு குறிதான். நீ ஒரு வரியே எழுதியிருந்தே.”

“திருட்டுப் பயலே” என்றாள். குரலில் பழைய கோபம் இல்லை. புதிதாக ஒரு கோபம் இருந்தது. அதற்கு நான் பெயர் வைக்கப்போவதில்லை.

6

முடிவு ஒன்று: அவள் குறியைத் திரும்பவும் மாற்றிவிடுகிறாள். நியாயம்தான், ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. முடிவு இரண்டு: அப்படியே விட்டுவிடுகிறாள், வாராவாரம் அவர்களே ஜோடி, கடைசிப் பத்தியில் முத்தம். நீங்கள் இதற்குத்தான் காத்திருந்தீர்கள் என்றால் மன்னிக்கவும்.

அவள் செய்தது வேறு. அடுத்த சனிக்கிழமை எங்கள் எல்லோர் முன்னாலும் அந்தக் கட்டத்தைத் திறந்தாள். தன்னுடைய வரியையும் அதற்குள்ளிருந்த அவன் குறியையும் சேர்த்து மொத்தமாக அழித்தாள்.

“இப்பதான் இது நிஜமான குலுக்கல். எல்லாரும் நல்லா பாத்துக்கங்க” என்றாள். அவள் காது சிவந்திருந்தது. ராதாமேஸ் மரத்தடியில் நின்றபடி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். நாங்கள் இருபத்துநான்கு பேர். அவன் பெயர் விழ எத்தனை வாய்ப்பு என்று நீங்களே கணக்குப் போடலாம்.

பொத்தானை அழுத்தினாள். எலிகியோ திரைமுன் குனிந்து, “யோகாஸ்தாவுக்கு ஜோடி…” என்று ஆரம்பித்தார். எழுத்து தெரியவில்லை. மூக்குக்கண்ணாடிக்காகச் சட்டைப்பையைத் தடவுகிறார்.

என்ன பெயர் வந்தது என்று எனக்குத் தெரியும். நான் அங்கேதான் இருந்தேன். ஆனால் அவர் தேடிக்கொண்டே இருக்கட்டும். அதற்குள் நீங்கள் ஒரு பெயர் சொல்லுங்கள்.