புதினா மணந்த அடிகுழாய்

ஆயிரம் புகைபோக்கிகள் உமிழ்ந்த கரும்புகை வானை மூட, சாயப்பட்டறைகள் கழித்த நீலமும் செம்மையும் கலந்த ஏர் என்னும் ஆறு சீழ்வடியும் புண்ணெனச் சுருண்டோட, லீட்சு நகரின் மேட்டில் காலைவெயில் மாளிகைப் பலகணிகளைத் தழுவி, பள்ளத்துத் தோல்காரர் முற்றம் என்னும் குடியிருப்பை எட்டியும் பாராமல் திரும்பியது. அம்முற்றத்து முப்பது குடிகளுக்கும் ஓர் அடிகுழாயே நீர் தந்தது. சென்ற கோடையின் வாந்திபேதிக் கொள்ளைநோயில் பதினொரு பிணங்களையும் அதுவே தந்தது. அவற்றுள் இரண்டு, சாக்கடைக் கொத்தன் ஏனோக்கின் பெண்மக்கள்.

மேட்டு மாளிகைக்கும் பள்ளத்துக் குடில்களுக்கும் உரியவர் ஓல்ட்ராய்டு. வட்டார மன்றத்தில் வீற்றிருந்து, ஏழைகளின் அழுக்கே அவர்களைக் கொன்றதென்று கூறிப் புதைசாக்கடையை மும்முறை தடுத்தவர். அவர் வீட்டுக் கழிவுக்குழியே கசிந்து குழாய்க்கிணற்றில் கலக்கிறதென்று ஏனோக்கு மன்றத்தில் உரைத்தபோது நகைத்தார்.

"சோதிச்சுப் பாருடா! நீ சொன்னது நெசம்னா அந்தத் தண்ணிய நானே குடிக்கிறேன்."

குழியில் புதினா எண்ணெயும் வெந்நீரும் வார்த்தால், கசிவு சேருமிடத்தில் மணம் எழும். வார்த்தவன் உடலிலும் மணம் ஒட்டுமாதலின், முடிவு தெரியும்வரை அவன் குழியருகே அடைபட்டிருத்தல் தொழில்முறை. கீழே குழாயடியில் நின்று பகைவன் முகம் வெளிறுவதைக் காண ஏனோக்கு ஏங்கினான். ஆயினும் பிறர் கை ஒரு துளி குறைத்துவிடுமோ என்றஞ்சித் தானே வார்த்து, ஓல்ட்ராய்டின் கழிப்பறைக்குள் கதவடைத்து, பகலெல்லாம் பல்லைக் கடித்து அமர்ந்திருந்தான்.

மாலை நான்கு மணிக்கு, முற்றத்தில் துணிவெளுக்கும் கெசியா கதவைத் தட்டினாள்.

"வெளிய வாய்யா, புதினா மாப்பிள்ளை! குழாயடியே மிட்டாய்க்கடையாட்டம் கமகமங்குது. மன்றத்து ஆளுங்க அத்தனை பேரும் மோந்துட்டாங்க. மன்றம் ஒத்துக்கிச்சு, புதைசாக்கடை வருது!"

"அவன் குடிச்சானா?"

"குவளைய நான்தான் நீட்டினேன். 'குடிங்க ஐயா, உங்க வீட்டுச் சரக்குதானே'ன்னேன். வாய்கிட்ட கொண்டுபோனாரு, அங்கயே வாந்தி எடுத்துட்டாரு."

ஏனோக்கு காலி எண்ணெய்ப்புட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"எம்புள்ளைங்க வாந்தி எடுத்தப்போ அவன் பாக்கல. அவன் எடுத்தத நான் பாக்கலியே."

மறுவாரம் ஓல்ட்ராய்டின் தோட்டத்தைப் பிளந்து புதைசாக்கடைக்குப் பள்ளம் வெட்ட ஏனோக்கும் ஆட்களும் புகுந்தனர். தொப்பியைக் கழற்றிக் கையில் பற்றிய அவர், ரோசாச்செடிகளையேனும் விட்டுவிடுமாறு வேண்டினார்.

"நேர்கோடு இதாங்க ஐயா. வளைச்சா அடைச்சுக்கும்" என்று கூறி, ஏனோக்கு முதல் வெட்டை அவற்றின் வேரிலேயே இறக்கினான்.

கற்றறிந்தோரே, இன்று அவ்வழியே கழிவுநீர் ஓசையின்றி ஓடுகின்றது; முற்றத்துக் குழந்தைகள் அச்சமின்றி நீர் பருகுகின்றனர். தன் பெண்மக்களை இழந்த ஏனோக்கு அவர்களுள் ஒருவரையும் பெயர்சொல்லி அழைத்ததில்லை.