நாசர் வீட்டு ரேடார்

மீமிசலில் அப்துல் நாசரை 'ரேடார் பாய்' என்று கூப்பிட ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் தெம்பு வேண்டுமே. வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் பத்தொன்பது வருஷம் பெட்டி ஏற்றி இறக்கினவர். இடுப்பில் தட்டு விலகி, இனிமேல் குனியவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு ஊர் திரும்பினார். அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. நிற்கவும் முடியாது. ஹாலில் கட்டிலைப் போட்டுப் படுத்தே கிடந்தார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன் மேல் பழைய லேப்டாப். அதில் செருகிய விரல் நீள ரிசீவரிலிருந்து ஒரு கேபிள் ஜன்னல் வழியாக மொட்டை மாடிக்கு ஏறும். அங்கே தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, பி.வி.சி. குழாயில் கட்டிய ஆன்டெனா. பறக்கிற விமானங்கள் தாங்கள் யார், எங்கே, எவ்வளவு உயரத்தில் போகிறோம் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகின்றன. அதைப் பிடித்து வரைபடத்தில் காட்டுவதுதான் இதன் வேலை, நிஜமான ரேடார் கிடையாது என்று ஆரம்பத்தில் எல்லோருக்கும் விளக்கிப் பார்த்தார். அப்புறம் விட்டுவிட்டார்.

திருச்சி விமானத்தையும் கொழும்பு விமானத்தையும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. வழக்கமில்லாத ஏதாவது வந்தால்தான் தலையணையை முதுகுக்குக் கொடுத்து எழுந்திருப்பார். ஒருமுறை அன்டனோவ் சரக்கு விமானம் ஊருக்கு நேர் மேலே போனபோது, தையல் மிஷினில் இருந்த மனைவி பாசிலாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இதுக்குள்ள இன்னொரு பிளேனையே வச்சு ஏத்தலாம், தெரியுமா?"

"ஏத்தட்டும். நீங்க மாத்திரை போட்டீங்களா?" என்றாள் பாசிலா.

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் திரையில் ஒரு டோர்னியர் வந்தது. கடலைக் கண்காணிக்கிற சின்ன விமானம். மீமிசலுக்கு நேர் கிழக்கே, ஆயிரத்து இருநூறு அடியில், வயலில் ஏர் ஓட்டுகிற மாதிரி வடக்கே போய்த் திரும்பி, தெற்கே போய்த் திரும்பி, கோடு கோடாகப் போய்க்கொண்டிருந்தது. எதற்கென்று அவருக்குப் புரிந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நண்டு வலை போடப் போன வீரய்யாவும் ஐயனாரும் புதன் விடிந்தும் கரை திரும்பவில்லை. ஊருக்கே தெரியும்.

ஒன்பது மணிக்கு வீரய்யாவின் பெண்டாட்டி பிச்சையம்மாள் வந்து நின்றாள். வாரத்தில் மூன்று நாள் மீன் கூடையோடு வருகிற வாசல்தான். இன்றைக்குக் கூடை இல்லை. செருப்பும் இல்லை.

"பாய், பிளேன் தேடுதாமே. ஒங்க பொட்டியில தெரியுதா?"

"தெரியுது தங்கச்சி. உள்ள வாங்க."

ஸ்டூலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். நாசர் திரையில் விமானம் போன வழியைக் காட்டும் மஞ்சள் கோட்டைக் காட்டினார். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாசிலா கொடுத்த டீ ஆறி ஏடு படிந்தது. நாசருக்கு இடுப்பு கொதித்தது. ஒரு பெண்பிள்ளை இப்படி உட்கார்ந்திருக்கும்போது காலை நீட்டிப் படுக்கக் கூச்சமாக இருந்தது. சுவரில் சாய்ந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடியும் நின்றார்.

பதினொன்றரைக்கு அந்தக் கோடு வளைந்தது. ஒரே இடத்தைச் சுற்றியது, இன்னொரு சுற்று, இன்னும் ஒன்று. உயரம் தொள்ளாயிரம், அறுநூறு, முந்நூறு என்று இறங்கியது. அதற்குக் கீழே ஆன்டெனாவுக்கு எட்டாது. விமானம் திரையிலிருந்து மறைந்தது.

"எங்க போச்சு பாய்?"

தெரியலை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. "எதையோ பாத்திருக்காங்க தங்கச்சி. அதான் தாழ எறங்கியிருக்கு."

அவள் எழுந்த வேகத்தில் டீ தட்டிக் கொட்டியது. தெருவில் அவள் ஓடுகிற சத்தம் கேட்டது. கூடவே அவள் குரலும். "கெடைச்சுட்டாக! கெடைச்சுட்டாக!"

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கக் கரையில் நின்றது. போர்வை கொண்டுவந்தார்கள், சுடுதண்ணீர் வைத்தார்கள், ஆம்புலன்ஸுக்குச் சொல்லி அனுப்பினார்கள். நாசர் கட்டிலில் கிடந்தபடி ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டார். நாலு மணிக்குத்தான் சேதி வந்தது. விமானம் பார்த்தது கிழிந்த வலை சுற்றிய ஒரு நீல டிரம். யாருடையதோ, எப்போதோ கடலில் போனது.

பிச்சையம்மாள் அன்றைக்கு அப்புறம் வரவில்லை. ஐயனாரின் மனைவி செவந்திதான் வாசலில் வந்து நின்று கத்தினாள். "படுத்துக்கிட்டே ஊருக்குச் சேதி சொல்றீங்களே, ஒங்களை யாரு கேட்டா? எம்புள்ளைக அப்பா வந்துட்டாருன்னு குளிச்சிட்டு நிக்குதுக பாய்!"

அவள் அழுதுகொண்டே போன பிறகு நாசர் பாசிலாவைக் கூப்பிட்டார்.

"அந்தக் கேபிளைப் புடுங்கிரு."

"நான் புடுங்க மாட்டேன். பிச்சையம்மா நாளைக்கும் வருவா."

"வர மாட்டா."

"வருவா. வேற எங்க போவா?"

மறுநாள் ஏழரை மணிக்கே வந்துவிட்டாள். அதே இடத்தில் உட்கார்ந்தாள். நாசர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நேத்து நான் தப்பு பண்ணிட்டேன் தங்கச்சி."

"நீங்க, பாத்திருக்காங்கன்னுதான் சொன்னீங்க. கெடைச்சுட்டாகன்னு கத்துனது நானு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இன்னைக்கு ஒண்ணும் சொல்லாதீங்க பாய். பிளேன் இருக்கா, இல்லையா. அத மட்டும் சொல்லுங்க. போதும்."

அதை மட்டும்தான் சொன்னார். பத்து மணிக்கு, இருக்கு. பன்னிரண்டுக்கு, இருக்கு. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள், தலையை ஆட்டுவாள். மூன்று மணி தாண்டி விமானம் தெற்கே திரும்பியது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், "இல்லை." அதற்கப்புறமும் அவள், பள்ளிவாசலில் சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை விமானமே வரவில்லை. அவள் வந்தாள்.

"தேடுறத விட்டுட்டாகளா?"

"கப்பல்ல தேடுவாங்க. அது இதுல தெரியாது." தேடுவார்களா என்று அவருக்குத் தெரியாது. அது பொய்யா என்று யோசித்துப் பார்க்கவும் அலுப்பாக இருந்தது. அன்றைக்கு அவர் கூச்சத்தை விட்டுவிட்டுக் கட்டிலில் நீட்டிப் படுத்தார். அவள் கட்டில் காலில் சாய்ந்துகொண்டாள். கொழும்பு விமானங்கள் இரண்டு பேரையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை சேதி கொண்டுவந்தது செவந்தி. இந்தத் தடவை வாசலில் நிற்காமல் நேரே உள்ளே வந்தாள். எஞ்சின் பழுதாகி, மேலக்காற்று இழுத்துக்கொண்டு போய், படகு யாழ்ப்பாணப் பக்கம் கரையேறியிருக்கிறது. எல்லை தாண்டினதாக இரண்டு பேரையும் பிடித்து அடைத்திருக்கிறார்கள்.

"ஜெயில்ல இருக்காக அக்கா! உசுரோட ஜெயில்ல இருக்காக!" என்று பிச்சையம்மாளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள், அழுதார்கள். போகும்போது செவந்தி நாசரைப் பார்த்து, "அன்னைக்குப் பேசினத மனசுல வச்சுக்காதீங்க பாய்" என்றாள்.

"நீ பேசினது சரிதாம்மா."

ஐம்பத்திரண்டு நாள் ஆனது. கலெக்டர் ஆபீஸ், மனு, போட்டோ, புதுக்கோட்டைக்கும் மீமிசலுக்குமாகப் பஸ். ஆட்களை விட்டார்கள், படகை விடவில்லை. கொழும்பிலிருந்து விமானத்தில் சென்னை, அங்கிருந்து வேனில் ஊர் என்று சொன்னார்கள்.

அவர்கள் வருகிற அன்றைக்குச் சாயங்காலம் பிச்சையம்மாள் வந்தாள். கன்னம் ஒட்டி, பத்து வயசு கூடினவள் மாதிரி இருந்தாள்.

"எந்தப் பிளேன்னு காட்டுங்க பாய்."

நாசர் விமானத்தின் நம்பரைக் கேட்டு வைத்திருந்தார். கால் மணி நேரத்தில் மன்னாருக்கு மேலே அது தெரிந்தது. மற்ற நாளாக இருந்தால் ஏறிட்டும் பார்க்க மாட்டார், அத்தனை சாதாரண விமானம். "இதுதான். இருபத்தொன்பதாயிரம் அடியில வருது."

"அம்புட்டு ஒசரமா?" என்றாள். "அவுக மரத்துல ஏறவே பயப்படுவாக."

திரையைப் பார்த்தபடியே தரையில் உட்கார்ந்தாள். நாசர் திரும்பிப் பார்த்தபோது கட்டில் காலில் தலை சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். எழுப்பலாமா என்று பாசிலாவைக் கண்ணால் கேட்டார். பாசிலா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, ஒரு போர்வையை எடுத்து அவள் மேல் போட்டாள்.

விமானம் மெதுவாக வடக்கே நகர்ந்தது. நாசருக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. கட்டிலில் படுத்தால் அவள் விழித்துவிடுவாள் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாராவது ஒருவர் பார்க்க வேண்டுமே என்று இருந்தது. நாகப்பட்டினத்தைத் தாண்டிக் கோடு அறுகிற வரைக்கும் நின்று பார்த்தார். அதற்குப் பிறகு லேப்டாப்பின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, அடுக்களைக்குள் போய்ப் பாசிலா விரித்துக் கொடுத்த பாயில் மெதுவாகச் சரிந்து படுத்தார்.