நாலாம் குருவின் பாட்டு

1997இல் பாஸ்கா நாடகம் முடிந்த மறுநாள் காலையிலிருந்து இன்னாசியின் வாயில் இரண்டடிப் பாட்டைத் தவிர வேறெதுவும் வரவில்லை. அரியலூருக்குக் கிழக்கே அந்த ஊரில் ஆண்டவரின் பாடுகளைத் தவக்காலந்தோறும் பாட்டாகவே நடத்துவார்கள். இன்னாசிக்கு நாலாம் குரு வேஷம். தலைமைக் குருவுக்குப் பின்னால் கறுப்பு அங்கியோடு நின்று, ஆண்டவரைக் கைகாட்டி, "இரக்கமென்ன இவன்மேல், இனிப் பேச்சு என்ன? சிரத்தைக் குனியவைத்துச் சிலுவையில் ஏற்றும்" என்று பாடிவிட்டு ஒதுங்க வேண்டும், அவ்வளவுதான். நாடகம் முடிந்ததும் ஆண்டவர் வேஷக்காரர் குருமார் வேஷக்காரர்களின் தலையில் ஆளுக்கொரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவார். அதில்தான் வேஷம் இறங்கும். அந்த வருஷ ஆண்டவர் பெரியவீட்டு சவரிநாதன். துபாய் விமானத்துக்கு நேரமாகிவிட்டதென்று மூன்று பேருக்கு ஊற்றிவிட்டுக் காரேறிவிட்டார். நாலாமவர் திரைக்குப் பின்னால் அங்கி முடிச்சோடு மல்லாடிக்கொண்டிருந்தார். சில்லறைக் குருவையெல்லாம் யார் தேடுவது?

உப்புக் கேட்டாலும் அதே பாட்டு, தும்மினாலும் அதே பாட்டு. பெரம்பலூர் டாக்டர் நாக்கை இழுத்துப் பார்த்து, நல்ல நாக்கு என்றார். டீக்கடையில் கைக்கடிகாரம் கட்டியவர்களே இன்னாசியிடம் மணி கேட்டார்கள்.

1999இல் வேப்பந்தட்டையிலிருந்து மகள் ரெஜினாவைப் பெண் பார்க்க வந்தார்கள். வாயைத் திறக்கக் கூடாதென்று இன்னாசியிடம் அக்கம்பக்கத்துப் பெண்கள் சொல்லிவைத்திருந்தார்கள். எப்போது திறப்பார் என்று பார்க்கத்தான் பாதிப்பேர் வந்திருந்தார்கள். "பொண்ணப் பெத்தவரு ஒரு வார்த்த சொல்லுங்க, தட்ட மாத்திடலாம்" என்றாள் மாப்பிள்ளையின் தாய். இன்னாசி பல்லைக் கடித்தார், வியர்த்தார், சொல்லிவிட்டார். மாப்பிள்ளையைக் கைகாட்டி வேறு.

அதன்பின் எந்த வரனும் படியேறவில்லை. நாக்கு திரும்பினால்தான் மகளுக்குக் கல்யாணம் என்று இன்னாசி சவரிநாதனுக்காகக் காத்திருந்தார். 2003 தவக்காலத்தில் அவர் வந்திறங்க, சொம்போடு போய் வாசலில் முட்டிபோட்டுத் தலையைக் குனிந்தார். சவரிநாதனுக்குப் புரிந்தது, சொம்பையும் வாங்கினார். நாடகக் கமிட்டித் தலைவர் செல்லதுரை குறுக்கே வந்தார். குரும்பலூரிலிருந்துகூட வேன் வைத்து ஜனம் வந்தது இன்னாசியைக் கேட்கத்தான்.

"இப்ப ஊத்திட்டீங்கன்னா அப்பறம் நாடகத்துல என்னங்க இருக்கு? முடியட்டும்ங்க."

சவரிநாதன் யோசித்தார். தண்ணீரைத் தன் காலில் ஊற்றிக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போனார். நாடகம் முடிந்த அன்றும் அவருக்கு விமானம் இருந்தது.

2007இல் கமிட்டி நாலாம் குருவுக்குத் தனி மைக் கொடுத்தது. முப்பதைத் தாண்டிய ரெஜினா அவர் அங்கிக்குப் புதுக்கரை வைத்துத் தைத்தாள். குழாயடியில் ஒருத்தி, "அப்பா எப்படிடி இருக்காரு?" என்று கேட்டாள்.

ரெஜினா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"போன வருஷத்துக்கு இந்த வருஷம் நல்லா சொல்றாருக்கா."