தூயமல்லி விளையும் வரை

ஸ்ம்ருதியின் வாய்க்குள் விரலை விட்டு இட்லித் துணுக்கைத் தோண்டி எடுத்தபோது, கணவன் ஷ்யாம்சுந்தரின் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைக்கவேண்டும் போலிருந்தது ரோஹிணிக்கு. ஏழு மாதம் முடிந்த குழந்தை. கீழே இரண்டு பல். மடியில் உட்கார்ந்திருந்தவள் அம்மாவின் தட்டில் கைவைத்து, பிய்த்து, வாயில் போட்டு, ருசி கண்டு கண்ணை அகட்டியும் விட்டாள். பிடுங்கியதும் அவள் போட்ட கூச்சல் சிட்லபாக்கம் ஏரியின் அக்கரைக்குக் கேட்டிருக்கும். எதிரே உட்கார்ந்திருந்த அப்பன் பதறியது வேறு விஷயத்துக்காக.

"முழுங்கிட்டாளா?"

"துப்பிட்டா."

"முழுசா?"

"நீ வேணா டார்ச் அடிச்சுப் பாரு."

நிஜமாகவே பார்த்தான். பார்க்கக்கூடிய ஆள்தான்.

விஷயம் இதுதான், அந்தத் தெருவில் இது தெரியாதவர்கள் புதிதாகக் குடிவந்தவர்கள் மட்டுமே. குழந்தையைத் தொட்டிலில் போட்ட அன்று, நாலு பேர் நடுவில், யாரும் கேட்காமலேயே ஷ்யாம்சுந்தர் ஒரு சபதம் செய்தான். தன் பெண்ணின் நாக்கில் படும் முதல் அரிசி தன் வயலில் தான் விளைவித்ததாக இருக்கும். கைதட்டினார்கள். அவனும் ஆபீஸ் சிநேகிதர்கள் மூன்று பேரும் கேளம்பாக்கத்தைத் தாண்டி உள்ளே சவுரிமுத்து என்பவரின் அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். வாரம் முழுக்க ஏசியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, சனிக்கிழமை விடிந்தால் தொப்பியும் அரைக்கால் சட்டையுமாகக் கிளம்பிவிடுவான். தாம்பரம் சானடோரியத்தில் பெட்ரோல் போடும்போதே உழவனின் முகக்களை வந்துவிடும் என்று அவன் தங்கை சொல்வாள்.

வயலில் நெல் வந்ததோ இல்லையோ, வரப்பில் போட்ட சுரைக்காய் வந்தது. வந்தது என்றால் சாதாரணமாகவா? வாரத்துக்கு நாலு, ஆறு, ஒருமுறை பதினொன்று. கூட்டு, பொரியல், சாம்பார், அடைக்குள் துருவி, தோலைத் துவையல் என்று எல்லாம் பண்ணித் தீர்ந்த பிறகு, ரோஹிணி ஒரு கையில் குழந்தையும் மறு கையில் சுரைக்காயுமாக மாடிப்படி ஏறி இறங்கினாள். பாவம், முதலில் வாங்கிக்கொண்டார்கள். பிறகு அவள் கொலுசுச் சத்தம் கேட்டாலே உள்ளே டிவியை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருக்க ஆரம்பித்தார்கள். மேல்வீட்டு ராகவேந்திரா மட்டும் கதவைத் திறந்து, டாக்டர் சுரைக்காய் கூடாதென்றிருக்கிறார் என்றார். எந்த டாக்டரோ.

ஆவணியில் விதைத்த தூயமல்லி நெல் மார்கழிக்குள் அறுவடை, ஏழாம் மாதத்தில் சோறூட்டல் என்பது கணக்கு. கார்த்திகை மழை அந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டு பெய்யவில்லை. ஷ்யாம் பதறிப்போய் போன் போட்டபோது சவுரிமுத்து நிதானமாகச் சொன்னார்: "வயலு எங்க சார் கீது? ஏரிதான் கீது. ரோட்டாண்டயே நின்னு பாத்துட்டு வந்துட்டேன்." மிச்சம் இருந்த நாற்றை வாங்கி மறுபடி நட்டார்கள். மாசிக்குத்தான் கதிர் முற்றுமாம். பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதம்தான் என்பதால் எட்டாம் மாதம் தானாகவே தள்ளுபடி. ஒன்பதில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஷ்யாம் ரயில் டிக்கெட்டைத் தள்ளிப்போடுவது போலச் சொன்னான். மாமனார் ஸ்ரீரங்கன் வழக்கம்போல, "ஆகட்டும், பாக்கலாம்" என்றார். எந்தப் பக்கமும் சாயாமல் முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர்.

பல் முளைத்ததற்குக் கொழுக்கட்டை பண்ணினார்கள். அரிசி மாவுக் கொழுக்கட்டை ஆயிற்றே, பல் முளைத்தவளைத் தவிர தெருவே தின்றது. கேரட்டும் ஆப்பிளும் மசித்துக் கொடுத்துக் கொடுத்துக் குழந்தையின் மூக்கே ஆரஞ்சு நிறமாகிவிட்டது என்று ரோஹிணிக்குத் தோன்றியது. தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரம்மா எடையைப் பார்த்துவிட்டு, "சாதம், பருப்பு எல்லாம் ஆரம்பிச்சிருப்பீங்களே?" என்றாள். வயலில் தண்ணீர் நிற்கிறது டாக்டர் என்று எப்படிச் சொல்வது? தலையைப் பாதி ஆட்டினாள். அது ஆமாமா இல்லையா என்று டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எடை போன மாதம் நின்ற இடத்திலேயே நின்றது மட்டும் இரண்டு பேருக்கும் புரிந்தது.

இட்லியைத் தோண்டி எடுத்ததற்கு மறுநாள் புதன்கிழமை. ஷ்யாம் ஆபீஸ் போயிருந்தான். மாமனார் ஏரியைச் சுற்றி நடக்கப் போயிருந்தார். ரோஹிணிக்கு வீட்டிலிருந்தே வேலை. காதில் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போனைக் கழற்றி மேடையில் வைத்தாள். குக்கரிலிருந்து ஒரு பிடி சாதம், ரசத்தின் தெளிவு, ஒரு சொட்டு நெய். கையாலேயே கூழாகப் பிசைந்தாள். சமையலறைத் தரையில் குழந்தையை எதிரே உட்காரவைத்து, விரல் நுனியில் எடுத்து நீட்டினாள்.

ஸ்ம்ருதி வாங்கிக்கொண்டாள். புருவம் ஏறியது, இறங்கியது. ஏதோ பழைய விஷயத்தை நினைவுபடுத்திக்கொள்பவள் போல எங்கோ பார்த்தபடி மென்றாள். பிறகு இரண்டு கையாலும் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். ரோஹிணி சிரித்துவிட்டு, யாரிடம் சொல்வதென்று திரும்பிப் பார்த்தாள். ஃபிரிட்ஜ்தான் நின்றது. கிண்ணத்தைக் கழுவி, தரையைத் துடைத்து, குழந்தையின் கன்னத்தில் ஒட்டிய பருக்கையை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். எதையோ திருடியவள் போல வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டாள். அதற்கப்புறம் தினமும் திருடினாள்.

அடுத்த மாதம் எடை ஏறியது. "பாத்தியா, காய்கறி பவர்," என்றான் ஷ்யாம். அவள் கேரட்டை எடுத்துத் துருவ உட்கார்ந்தாள். வாயைத் திறந்தால் என்னென்ன வரும் என்று அவளுக்கே தெரியாது.

மாசியில் ஒருவழியாக அறுத்தார்கள். அழுகினது போக, எலி தின்னது போக, நாலு பங்காகப் பிரித்தது போக, ஷ்யாம் வண்டியில் முன்னால் வைத்துக் கொண்டுவந்தது ஒரு சின்ன மூட்டை அரிசி. பாதி நொய். அந்த வாரம் முழுக்க ஆபீஸ் விட்டு வந்ததும் ஹாலில் சப்பணம் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முறத்தில் கல் பொறுக்கினான். கழுத்து கருத்து, கை வெடித்து, நகத்தில் போகாத சேறு. திட்டுவதற்கு மாதக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளோடு அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள் ரோஹிணி. அந்த முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். நிம்மதியாகக் கோபப்படக்கூட விடாத மனுஷன் என்று அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்த ரோஹிணியின் தம்பி நிகில் பட்டு வேட்டி அவிழாமலிருக்க மூச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். தாய்மாமன் மடியில் பட்டுப்பாவாடையோடு ஸ்ம்ருதி. வெள்ளிக் கிண்ணத்தில் நெய் மினுக்க, பருப்புப் போட்டுப் பிசைந்த தூயமல்லிச் சாதம். ரோஹிணிக்கு ஒரே கவலை. இந்தக் குழந்தை ஸ்பூனைக் கண்டதும் பழகின வாயை அகலத் திறந்து மாட்டிவிடப்போகிறதே!

அப்போதுதான் எதிர்வீட்டு அபிதகுஜாம்பாள் மாமி கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள். அந்தத் தெருவில் எந்தப் பாத்திரத்துக்குள்ளும் எட்டிப் பார்க்கும் உரிமை மாமிக்கு உண்டு; யாரும் கொடுத்ததில்லை.

"என்னடி இது, பசையாட்டம் இருக்கு? எப்போ அறுத்த நெல்லு?"

"போன வாரம் மாமி!" ஷ்யாமுக்கு முகமெல்லாம் பல். "ஃபிரெஷ்!"

"அட ராமா! புது அரிசியா?" மாமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "பொங்கல் வைப்பா, பாயசம் வைப்பா. பச்சைக் குழந்தைக்கு யாராவது முதமுதல்ல புது அரிசி குடுப்பாளோ? மந்தம்டா! வயிறு உப்பிண்டு ராத்திரியெல்லாம் கத்தும். ஒரு வருஷமாவது கிடந்து பழசாகணும். இத்தனை பேர் இருக்கேளே, ஒருத்தருக்கும் தோணலையா?"

யாருக்கும் தோன்றவில்லைதான். ஆனால் மாமி சொன்ன மறு நிமிஷம் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆமாம், எங்காத்துல கூடப் பழசுதான். ஒருவர் போனில் தேடி, அதில்கூட அப்படித்தான் போட்டிருக்கிறது என்றார். ஸ்ரீரங்கன், "ஆகட்டும், பாக்கலாம்" என்று ஆரம்பித்தவர், பார்க்க ஒன்றுமில்லை என்று பட்டதும் நிறுத்திக்கொண்டார்.

"ரோஹிணி, உள்ள கடையரிசி இருக்கோல்லியோ? ஒரு பிடி குக்கர்ல வை. முகூர்த்தத்துக்கு இன்னும் நாழி இருக்கு," என்றாள் மாமி. பிரச்சினை தீர்ந்துவிட்ட பாவம்.

எல்லோரும் ஷ்யாமைப் பார்த்தார்கள். அவன் கையில் சின்ன வெள்ளி ஸ்பூன். இத்தனை மாதம் யார் என்ன சொன்னாலும் பதிலுக்கு ஒரு பாட்டம் பிரசங்கம் வைத்திருந்தவன். மண், உரம், பாரம்பரியம், பாலிஷ் போட்ட அரிசியின் தீமைகள். இப்போது கிண்ணத்தையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தான். "சரி," என்றான், மிகவும் மரியாதையாக. "எடுத்துடு ரோஹிணி. அவளுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாது."

இதைத்தானே அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்! கடையரிசி. அவன் வாயாலேயே. சமையலறைக்கு நாலு எட்டு வைத்தால் போதும், யாருக்கும் எதுவும் தெரியாது. ரோஹிணி கிண்ணத்தை எடுக்கக் குனிந்தாள். எடுக்கவில்லை.

"இதையே குடுக்கலாம்," என்றாள். "அவளுக்கு ஒண்ணும் ஆகாது."

"நீ என்ன டாக்டரா?" என்றாள் மாமி.

"அவ சாதத்துக்குப் புதுசில்ல மாமி. தை மாசத்துலேர்ந்து சாப்பிடறா. ரசம் சாதம், பருப்பு சாதம், எல்லாம். நான்தான் குடுத்தேன்."

மாமியின் கண் பளபளவென்று ஆயிற்று. இந்த ஒரு வாக்கியத்தை ராஜகீழ்ப்பாக்கம் வரை எத்தனை வீட்டில் சொல்லலாம் என்று மனசுக்குள் ஓடுவது நெற்றியிலேயே தெரிந்தது. நிகில் அக்காவைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேட்டியைப் பார்த்துக்கொண்டான்.

ஷ்யாமுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது காது சிவந்தது.

"எந்த அரிசி?"

"கடைப் பொன்னி."

பாலிஷ் போட்டதா என்று கேட்பான் என்று நினைத்தாள். கேட்டால் எல்லோர் முன்னாலும் கத்திவிடுவது என்றும் தீர்மானித்துக்கொண்டாள். அவன் கேட்டது வேறு.

"அன்னிக்கு… என்ன பண்ணா?"

"என்னது?"

"முதல் வாய். குடுத்தப்போ. மூஞ்சி எப்படி வச்சுண்டா?"

ரோஹிணிக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. இத்தனை பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, அதை எங்கிருந்து ஆரம்பிப்பது?

எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததால், கீழே நடந்ததை யாரும் கவனிக்கவில்லை. நிகிலின் மடியிலிருந்து முக்கால் உடம்பைச் சரித்து இறங்கியிருந்த ஸ்ம்ருதி, வெள்ளிக் கிண்ணத்துக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டிருந்தாள். புது அரிசி, விடவில்லை. விரல் இடுக்கெல்லாம் பசையாக ஒட்டிக்கொண்டு வந்தது. உதறிப் பார்த்தாள், போகவில்லை. ஷ்யாம் ஸ்பூனும் கையுமாக நிற்க, அவள் மூடின முஷ்டியை அப்படியே வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, புறங்கையிலிருந்து சப்ப ஆரம்பித்தாள்.