கறுப்பெல்லாம் ஒண்ணுதானே

என் மேசையை யாரோ துடைத்திருந்தார்கள். கதவைத் திறந்ததுமே கண்ணில் பட்டது. நேற்று மாலை நான் விட்டுப்போன கம்பிக் குப்பை எங்கே? ஸ்க்ரூ டிரைவர்கள் உயர வரிசையில் படுத்திருந்தன. என் சர்க்யூட்டைச் செருகிவைத்த சோதனை போர்டு ஒரு வெள்ளைத் துணியின் மேல் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

யாரோ என்ன யாரோ, அண்ணியின் தம்பிதான். வீட்டில் அவனுக்குச் 'சுத்தம்' என்றே பெயர். ஒரு இடம் கலைந்து கிடந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. ஒரு காலத்தில் அவனுக்கு என்னைப் பெண் கேட்டார்கள். தப்பித்தேன் சாமி.

பட்டறை அண்ணனுடையது. மோட்டாரை ஓட்டும், நிறுத்தும் ஸ்டார்ட்டர் பெட்டிகள்தான் எங்கள் பிழைப்பு. நான் அடம்பிடித்து, பின்னறையைப் பிடித்து, இந்த ஒரு சர்க்யூட்டைச் செய்துகொண்டிருந்தேன். கொதிகலனில் நீராவி அழுத்தம் எவ்வளவோ, அதற்குத் தக்க மின்னோட்டத்தை நீளக் கம்பியில் அனுப்பிவைக்கும். அழுத்தமே இல்லையென்றால் நான்கு மில்லி ஆம்பியர். முழு அழுத்தத்துக்கு இருபது. எங்கோ தூரத்து அறையில் இருப்பவர் மீட்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

அதை வாங்குவதா வேண்டாமா என்று பார்க்க, காகித ஆலையின் கொதிகலன் பொறுப்பாளர் அன்று காலை வருகிறார். அண்ணன் முந்தின நாளே முடிவாகச் சொல்லிவிட்டான்.

"அந்தம்மா முன்னாடி ஓடலைன்னா இதோட விட்டுடலாம்மா. ரெடிமேடா வாங்கி நம்ம ஸ்டிக்கரை ஒட்டிடலாம்னு மச்சான் சொல்றான். நீ பழையபடி முன்னாடி உக்காந்து ஃபோனைப் பாத்துக்கோ."

ஃபோனைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்! படித்த படிப்பெல்லாம் 'அண்ணன் வெளியே போயிருக்காங்க' என்று சொல்லத்தானா?

சுவிட்சைப் போட்டேன். மீட்டர் முள் படுத்தே கிடந்தது. கைப்பம்பை அழுத்தி அழுத்தம் ஏற்றினேன். அசையவில்லை. நேற்று நான்கிலிருந்து இருபதுவரை தங்கமாக ஏறி இறங்கிய சர்க்யூட்! மின்சாரம் வருகிறதா என்று பார்த்தேன், வருகிறது. மீட்டரின் ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஐசி சிப்பைக் கழற்றிப் புதிதாக மாட்டினேன். அதற்கும் மசியவில்லை. கம்பி ஏதாவது விட்டிருக்குமோ என்று ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே வந்தபோது, புறங்கை டிரான்சிஸ்டரில் பட்டுவிட்டது.

"ஆ!"

தோசைக்கல் சூடு. நல்லவேளை, சப்ளையில் கரண்டுக்கு வரம்பு வைத்திருந்தேன். இல்லையென்றால் அதற்குச் சங்குதான்.

வலியோடு யோசித்தேன். மீட்டர் ஒன்றுமில்லை என்கிறது, டிரான்சிஸ்டர் கொதிக்கிறது. அப்படியானால் மின்னோட்டம் இருக்கிறது, என் மீட்டர் வழியாகப் போகவில்லை. குழாய் திறந்திருக்கிறது, வாளியில் தண்ணீர் விழவில்லை. எங்கேதான் போகிறது?

மேசைக்கு அடியில் குனிந்தேன். என் கறுப்புக் கம்பிகள் எல்லாம் பின்னல் போட்டது போல ஒரே கட்டாக, ஒரு பித்தளைப் பட்டையில் முடுக்கப்பட்டிருந்தன.

கத்திய கத்தலில் சுத்தமும் அண்ணனும் ஓடிவந்தார்கள்.

"யார் இதைச் சேத்தது?"

"நான்தான்," என்றான் சுத்தம், பரிசு வாங்க வந்தவன் போல. "கச்சாமுச்சான்னு கிடந்துது. கறுப்பெல்லாம் ஒண்ணுதானே? நம்ம எல்லாப் பெட்டிலயும் ஒரே பட்டையிலதானே போடுறோம்?"

ஸ்டார்ட்டர் பெட்டியில் சரி. இதில் போர்டின் மைனஸ் வேறு, சப்ளையின் மைனஸ் வேறு. இரண்டுக்கும் நடுவில் மீட்டரும், சின்னதாக ஒரு ரெசிஸ்டரும். தான் எவ்வளவு அனுப்புகிறோம் என்று போர்டு அந்த ரெசிஸ்டரை வைத்துத்தான் அளந்துகொள்ளும். இரண்டையும் சேர்த்துவிட்டால் மின்னோட்டம் ரெசிஸ்டரையும் மீட்டரையும் தாண்டிக் குறுக்கு வழியில் ஓடிவிடும். போர்டோ 'நான் இன்னும் ஒன்றுமே அனுப்பவில்லையே' என்று மாய்ந்து மாய்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும்.

"என்னைக் கேக்கணும்னு தோணலையா உனக்கு?"

"உதவிதானே பண்ணேன்!"

"விடும்மா," என்றான் அண்ணன். "தெரியாம பண்ணிட்டான். காலங்காத்தால ஆரம்பிக்காத."

நான் ஆரம்பிக்கிறேனாம்! பற்றிக்கொண்டு வந்தது. பதில் சொல்ல நேரமில்லை. கட்டை அறுத்து, பம்பில் ஏற்றிய அழுத்தத்தை இறக்கிவிட்டு, போர்டின் மைனஸைப் பட்டையிலிருந்து பிரித்தேன். முள் எழுந்து நான்கில் நின்றது. பம்பை அழுத்தினேன். எட்டு, பன்னிரண்டு, இருபது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

வந்த அம்மாள் அதிகம் பேசாத ரகம். அண்ணன்தான் மூச்சுவிடாமல் பேசினான்.

"இது நம்ம மச்சான், மேடம். இந்த வேலையெல்லாம் இவர்தான் பாக்கறாரு. இது என் தங்கச்சி, ஆபீஸைப் பாத்துக்கறா." என் பக்கம் திரும்பி, "காபிக்குச் சொல்லிடும்மா."

காதில் விழுந்ததை என்னால் நம்ப முடியவில்லை. சுத்தம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். மறுக்கவில்லையே பாவி! நான் காபிக்குச் சொல்லவில்லை. மேசையை விட்டு நகரவும் இல்லை.

அந்த அம்மாள் பம்பை அழுத்திப் பார்த்தார். தன் மீட்டரை வைத்தும் பார்த்தார். தலையசைத்தார். பிறகு சட்டென்று ஒரு கம்பியைப் பிடுங்கினார். முள் விழுந்தது.

"இப்ப பிரஷர் எவ்வளவு, தம்பி?"

"ஸீரோ, மேடம்," என்றான் சுத்தம், கணீரென்று.

அவர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். அண்ணனுக்கு எதுவும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நன்றாகப் படட்டும் என்று ஒரு நொடி நினைத்தேன், பொய் சொல்வானேன். ஆனால் அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? ஸீரோ என்று நம்பி ஒருவர் அடுப்பைத் தூண்டிவிட்டால், கொதிகலன் வெடித்து ஆளையே அள்ளிக்கொண்டு போகும்.

"ஸீரோ இல்ல மேடம். பிரஷர் எவ்வளவுன்னே தெரியாது. ஸீரோன்னா நாலு காட்டும். நாலுக்குக் கீழ போச்சுன்னா கம்பி அறுந்துபோச்சுன்னு அர்த்தம். உடனே அடுப்பை நிறுத்திட்டு ஆளை அனுப்பணும்."

அவர் பையை இறக்கி வைத்தார்.

"இதை யார் செஞ்சது?"

அண்ணன் சொல்லட்டும் என்று அவன் முகத்தையே பார்த்தேன். உண்மையாகவே காத்திருந்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"எல்லாரும் சேந்துதான், மேடம்..."

"யாரும் சேரலைண்ணா. நான் செஞ்சேன். நான் மட்டும்தான்."

"அப்ப ஆலைல மாட்டறதுக்கும் இவங்களே வரட்டும்," என்றார் அந்த அம்மாள் அண்ணனிடம். "வேற யாரும் வேணாம்."

கார் போனதும் சுத்தம் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு நழுவினான். அண்ணன் பின்னறை வாசலில் நின்று நெற்றியைத் தேய்த்தான். பாராட்டுவான் என்று நினைத்தீர்களா?

"இப்ப அண்ணிகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? அவ தம்பிதான் செஞ்சான்னு நெனச்சுக்கிட்டிருக்கா."

அறுத்த கம்பிக் கட்டை மேசைமேல் போட்டேன்.

"உண்மையைச் சொல்லு. வெளி ஆளுகிட்ட நானே சொல்லிக்கிட்டேன். நம்ம வீட்லயாவது நீ சொல்லுண்ணா, உன் வாயால."

முன்னறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு ஃபோனை எடுத்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினான்.

"ம், முடிஞ்சுது. வாங்கறாங்க... உன் தம்பியா? இல்ல... அவன் இல்ல..." குரல் உள்ளே போனது. "என் தங்கச்சி செஞ்சா."

"அண்ணிக்குக் கேட்டிருக்காது," என்றேன். "சத்தமாச் சொல்லு."